திங்கட்கிழமைகளில் கர்த்தரை எங்கே பார்க்கிறீர்கள்?

கேள்வி: அஸ்தம்பட்டி சகோதரி

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். வெகுநாளாக மனத்தை அரிக்கிற ஒன்றைக் கேட்கிறேன். எங்கள் சபைப் போதகர் ஐயரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அடுத்த வாரமே அம்மாவின் காதுக்குப் போய்விடும். அவர் வீணாகக் கவலைப்படுவார். அதனால் இங்கே.

சேலம் லீ பஜார் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பில், ரசீது, லாரி வாடகை, சுமைக்கூலி, பாக்கி கேட்டு வருகிற தொலைபேசி. மிளகாய் மூட்டை இறங்குகிற நாளில் கண்ணையும் மூக்கையும் துடைத்தே பாதி நேரம் போய்விடும். ஏழு மணிக்கு மேல் டவுன் பஸ்ஸில் நின்றபடி வீடு. திங்கள் முதல் சனி வரை இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடும்போது மனம் நிறைகிறது. திருவிருந்துக்கு முழங்காலிடும்போது அவர் அருகில் இருக்கிறார் என்பதில் ஐயமே வருவதில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த நிச்சயம் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. விசுவாசம் போய்விட்டது என்று சொல்லவில்லை. அவர் எங்கும் இருக்கிறார் என்று நம்புகிறேன். "உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?" என்கிற 139-ஆம் சங்கீதத்தை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். நம்புவது வேறு, கவனிப்பது வேறு இல்லையா? கவனிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி நேரம் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஒருவர் கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததைச் சொல்வார். இன்னொருவர் விருந்தாளிகள் வந்த அன்றே காஸ் சிலிண்டர் வந்து இறங்கியதைச் சொல்வார். மனதார நன்றியோடு சொல்கிறார்கள். குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் நாள்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தாலும், பக்கத்தில் பிள்ளையோடு ஒருவர் நிற்கிறாரே என்றுதான் தோன்றுகிறது.

அதிகாலை ஜெபமும் வேதவாசிப்பும் தவறுவதில்லை. ஆகையால் "இன்னும் ஜெபியுங்கள் சகோதரி" என்று நிறுத்திவிட வேண்டாம். கை ஓய்வில்லாத வேலை நேரத்தில் அவருடைய பிரசன்னத்தை நீங்கள் எப்படி அறிகிறீர்கள்? உங்கள் வேலை என்ன, அதில் நடப்பது என்ன என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.


பதில்: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை

ஸ்தோத்திரம் சகோதரி. நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறேன். கொலுசுப் பட்டறை. அப்பா காலத்துத் தொழில்.

வளையங்களைக் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது என் வேலை. நெருப்பு பொடியை உருக்க வேண்டும், வளையத்தை உருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் எனக்கு ஜெபம் வராது, வசனம் வராது. வீட்டு நினைப்பு வந்தால் வேலை கெட்டுவிடும். ஆகவே நாள் முழுவதும் அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று நான் சொன்னால் அது பொய். ஒரு ஜோடி முடிந்து தண்ணீரில் போடும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான், அடுத்த ஜோடி.

வெள்ளியைப் பற்றிப் பிரசங்கங்களில் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். உருக்குகிறவன் தன் முகம் வெள்ளியில் தெரிந்ததும் அது சுத்தமாகிவிட்டது என்று அறிவானாம். வேதத்தில் வெள்ளியைப் புடமிடுவதைச் சொல்கிற மல்கியா புத்தகத்தில் அந்தக் கதை இல்லை. "அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்" என்பதுதான் மூன்றாம் அதிகாரத்தில் இருப்பது. தொழிலாளியான எனக்கு அதுவே போதும். வெள்ளி ஏறத்தாழ 960 டிகிரி சூட்டில் உருகும். சூடு போதவில்லை என்றால் அழுக்குப் பிரியாது. கண்டபடி ஏறிவிட்டால் உருகிய வெள்ளி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆறும்போது பொரிந்து தெறிக்கும். வெள்ளி உருக்கும் மூசை நெருப்பில் இருக்கும்வரை டீ குடிக்கக்கூட எழுந்து போகமாட்டோம். நான் அவரைக் கவனிக்காத நேரத்திலும் அவர் எழுந்து போய்விடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கவனிப்பதில் என் பங்கு சிறியது சகோதரி, அவருடையது பெரியது.


பதில்: விடுதிச் சமையல், ஏற்காடு

இயேசுவுக்குப் புகழ், தங்கச்சி. நான் கத்தோலிக்கப் பெண். இங்கே மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் சமையல் செய்கிறேன். மார்கழி விடியலில் அரிசி கழுவும்போது விரல் மரத்துப்போகும். அந்த நேரத்தில் தேவப்பிரசன்னம் எல்லாம் தோன்றாது. அடுப்பு எப்போது பற்றும் என்றுதான் தோன்றும்.

எங்கள் பங்குக் கோயிலில் நடந்த தியானத்தில் சாமியார் லாரன்ஸ் சகோதரர் என்பவரைப் பற்றிச் சொன்னார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தின் சமையற்கட்டில் வேலை செய்தவர். போரில் பட்ட காயத்தால் கால் தாங்கி நடந்தவர். 1691-இல் இறந்தார். பாத்திரச் சத்தத்துக்கும், ஆளுக்கொன்றாகக் கேட்டு நிற்பவர்களின் கூச்சலுக்கும் நடுவிலும், முழங்காலில் இருக்கும்போது எப்படியோ அப்படியே ஆண்டவரோடு இருக்கிறேன் என்பாராம். இது எல்லாரும் சொல்வது. என் மனத்தில் தங்கியது வேறு. அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காதாம். மடத்தில் சேர்ந்தபின் ஏறத்தாழ 10 ஆண்டுகள் மனக்கலக்கத்திலேயே இருந்தாராம். பிடிக்காத வேலையில், கலக்கத்தோடு கலக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்த பழக்கம் அது. அப்படியானால் நமக்கும் வரும், தங்கச்சி.

நான் செய்வது ஒன்றுதான். பரிமாறும்போது தட்டை மட்டும் பார்க்காமல் பிள்ளையின் முகத்தையும் பார்ப்பேன். ஜூனில் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளை வீட்டு நினைப்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கும், சாப்பிடாது. அது எந்தப் பிள்ளை என்று வார்டனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் முறை அந்தப் பக்கம் போய் "அம்மா ஊரில் இன்றைக்கு என்ன சமையலாம்?" என்று கேட்பேன். அவ்வளவுதான் என் செபமாலைக்கு வெளியே உள்ள செபம்.


பதில்: ஆத்தூர்ப் பெண்

கொஞ்சம் கசப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வைத்திருக்கிறோம். டயாலிசிஸ் நடக்கிறது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நான் படுக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் தேறி வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி "கர்த்தர் எங்களோடு இருந்தார்" என்று சொல்லி அழுதார். நானும் அவரைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். இரவு பாயில் படுத்தபிறகுதான் அந்த வார்த்தை திரும்ப வந்தது. அவர்களோடு இருந்தார் என்றால், எங்களோடு?

அஸ்தம்பட்டி சகோதரி சாட்சி நேரத்தைப் பற்றி எழுதியது அதனால்தான் எனக்குப் புரிகிறது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அவர் இருக்கிறார், சிலிண்டர் வந்தால் அவர் இருக்கிறார் என்று கணக்குப் போட்டால், எதுவும் வராத வீட்டில் அவர் இல்லை என்று ஆகிவிடுகிறது. சொல்கிறவர்கள் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. கேட்கிறவர்கள் காதில் அப்படி விழுகிறது.

"இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்" என்று யோபு சொன்னதும் வேதத்தில்தான் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியில்கூட விடியாமல் முடிகிறது. சாட்சிக் கூட்டங்களில் இவற்றை யாரும் வாசிப்பதில்லை. இப்போது என்னால் வாய்விட்டுப் படிக்க முடிகிற சங்கீதம் அது ஒன்றுதான்.


பதில்: எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு

ஆத்தூர் சகோதரியின் பதிலைப் படித்தபின், முதலில் எழுதி வைத்திருந்ததை எடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்தக் கணக்கைப் பற்றி அவர் சொன்னதில் நான் முழுக்க அவர் பக்கம்.

நாகலூர் பாதையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டை எழுதுவது, ஆள் கணக்கு, உரக் கணக்கு, பழம் எடுக்கும் காலத்தில் எடை. மலையில் இருப்பவனுக்குத் தேவப்பிரசன்னம் எளிதாகக் கிடைக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பகோடா பாயிண்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு "கர்த்தரின் கைவண்ணம்" என்கிறார்கள். உண்மை. மார்ச், ஏப்ரலில் பூமழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போன்ற அந்த மணம் ரோடு வரைக்கும் வரும். அதை முகர்ந்தும் படைத்தவரைப் புகழாதவன் கல்நெஞ்சன். ஆனால் அந்தப் பூ மூன்று நான்கு நாளில் கருகிவிடுகிறது. மீதி ஆண்டு முழுவதும் களை வெட்டுவது, நிழல்மரம் கழிப்பது, தண்டைத் துளைக்கிற போரர் பூச்சி பிடித்த செடியைப் பிடுங்குவதுதான். அழகான இடத்தில் மட்டுமே அவரைக் கண்டுகொள்ள முடியும் என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கே அது போதாது.

எனக்கு அவரைக் காட்டித்தந்த இடம் தராசடி.

1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தோட்டங்கள் எத்தனையோ கை மாறிவிட்டன. பழத்தைப் பறித்த கைக்கு அது எத்தனை கிலோ என்று சொல்கிற வேலை மட்டும் யாரோ ஒருவனுடையதாக இருந்துகொண்டே வருகிறது. எங்கள் தோட்டத்தில் நான்.

நவம்பரில் தொடங்கினால் ஜனவரி தாண்டியும் போகும். மூன்று கம்பம் சேர்த்துக் கட்டி, நடுவே கொக்கியில் வில்தராசு தொங்கும். பெண்கள் இடுப்புப் பையில் பறித்ததைச் சாக்கில் சேர்த்து, சாயங்காலம் களத்துக்குச் சுமந்து வந்து கொட்டுவார்கள். பச்சைக் காயையும் இலையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி அள்ளிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இத்தனை கிலோவுக்கு நாள்கூலி. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அவர்கள் வீட்டு அரிசியும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும். மழையில் நனைந்த பழமாக இருந்தால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், சாக்குக்கென்று கொஞ்சம். எவ்வளவு என்பது அந்த நேரத்தில் ரைட்டர் வாயில்தான் இருக்கிறது. இருட்டிக்கொண்டு வரும். மூடுபனி இறங்கும். காட்டெருமை நடமாடுகிற பாதையில் போக வேண்டியவர்கள் அவசரப்படுவார்கள். முள் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த சாக்கைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது.

மலைக்கிராமம் ஒன்றிலிருந்து நடந்து வருகிற ஒரு பாட்டி இருந்தார். எழுத்தோ எண்ணோ தெரியாதவர். சாக்கை மாட்டியதும் மற்றவர்கள் தராசைப் பார்ப்பார்கள். அவர் என்னைப் பார்ப்பார். முள்ளைப் படிக்கத் தெரியாதவருக்கு என் முகத்தைத் தவிர வேறு எதைப் படிப்பது? நான் எண்ணைச் சொன்னதும் "சரிங்க சாமி" என்று சாக்கை இறக்கிக்கொண்டு போய்விடுவார். சந்தேகத்தோடு பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சந்தேகத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் ரைட்டர்கள். அவர் நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு நாள் மழை. அவருடைய சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழத்தோலை உரிக்கிற பல்பர் இயந்திரத்தின் பக்கமிருந்து தோலின் புளித்த வாடை. முள் அசைவு நிற்கட்டும் என்று பேனாவை எடுக்காமல் நின்றேன். அவர் வழக்கம்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலயத்தில் பலிபீடத்தண்டை போகும்போது ஒரு பயபக்தி வருமே, அது அந்தக் களத்தில் வந்தது. நான் வரவழைத்தது அல்ல. அன்றைக்கு ஜெபித்துக்கொண்டும் இருக்கவில்லை. நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரத்தில் "நியாயமான நிறைகோலும் தராசும் கர்த்தருடையது, பையிலிருக்கும் நிறைகற்களெல்லாம் அவருடைய செயல்" என்று இருக்கிறது. வாசித்துப் பழகிய வசனம்தான். தராசு அவருடையது என்றால் எடை போடுகிற இடத்துக்கு அவரை நான் கூப்பிட வேண்டியதில்லை. அவர் இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தராசின் முகப்பை ஆள் நிற்கிற பக்கம் திருப்பி மாட்டினேன். எவ்வளவு கழிக்கிறேன், எதற்காகக் கழிக்கிறேன் என்று உரக்கச் சொல்வேன். எண்ணைச் சொல்வதற்கு முன் எதிரே நிற்பவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். வரிசை மெதுவாகத்தான் நகரும்; மேஸ்திரி முணுமுணுப்பார். அவர் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு, இருட்டுகிறதே. ஆனாலும் அந்த ஒரு நொடியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை நேரத்தில் எனக்கு இருந்த ஜெபம் அதுதான்.

அஸ்தம்பட்டி மகளே, "இன்று கர்த்தர் எனக்கு என்ன செய்தார்?" என்பது நல்ல கேள்விதான். ஆனால் அது ஒன்றையே கேட்டால் பல நாள்களில் கை வெறுமையாகத்தான் இருக்கும். துன்பப்படுகிற வீட்டில் அந்தக் கேள்வி குத்தும். "இன்று யாருடைய முகத்தில் நின்று அவர் என்னிடம் கேட்டார்?" என்று கேட்டுப் பாருங்கள். தம்மை எங்கே பார்க்கலாம் என்று அவரே மத்தேயு 25-இல் இடம் சொல்லியிருக்கிறார். பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதி, காவல். எல்லாம் வாய்த்தவர்களின் பட்டியல் இல்லை அது. "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்." இதில் நாம் தாண்டிப்போகிற ஒன்று உண்டு. அந்த நீதிமான்கள் "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைக் கண்டோம்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை! சோறு போட்டார்கள், பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான் தெரியும். திங்கட்கிழமை பத்து மணிக்கே உணர்ந்தாக வேண்டும் என்று நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

வேதத்தில் பலருக்கும் பின்னால்தான் தெரிகிறது. யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபிறகு "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்கிறான். எம்மாவுக்குப் போன இருவரும் ஏறத்தாழ ஏழு மைல் வழியில் உயிர்த்தெழுந்த இயேசுவோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். நம் அடிவாரத்திலிருந்து பாதி மலை ஏறுகிற தூரம். அப்போதும் அடையாளம் தெரியவில்லை. அப்பம் பிட்டபிறகுதான் "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

திரும்பிப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கியவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. நான் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன். இவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்துக் கத்தோலிக்க நண்பர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரதீரக் கனவுகள் காணும்போது இனிக்கின்றன, முடிந்தபின் மனம் வறண்டு கிடக்கிறது. கிறிஸ்துவைப் பின்பற்றுவதைப் பற்றி நினைத்தால் நினைத்து முடிந்தபிறகும் மகிழ்ச்சி தங்குகிறது என்பதைப் படுக்கையில் கவனித்தார். கவனித்தது அவை ஓய்ந்தபிறகுதான். பின்னாளில் தம் சபையாருக்கு அன்றன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்கும் ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். நானும் அதைச் செய்கிறேன். படுக்குமுன் காலையிலிருந்து பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வேன். நன்றி சொல்ல வேண்டியது இருந்தால் சொல்வேன். யாராவது என்னிடம் எதையோ கேட்க வந்து, கேட்காமலே போயிருந்தால், பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் அது தெரியவரும். மறுநாள் அவரைத் தேடிப் போவேன். நீண்ட ஜெபம் இல்லை. தூக்கம் வந்துவிட்டால் தூங்கிவிடுவேன்.

ஆத்தூர் சகோதரி, உங்களுக்குச் சொல்ல என்னிடம் போதனை இல்லை. 88-ஆம் சங்கீதத்தை விடாமல் படியுங்கள். அது இருளில் முடிந்தாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறது; வேறு யாரிடமும் முறையிடவில்லை. பாயில் படுத்துக்கொண்டு அதைப் படிக்கிற நீங்கள் வெளியே தள்ளப்பட்டவர் இல்லை. எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று தனிச் செய்தியில் எழுதுங்கள். சனிக்கிழமை நானும் என் மனைவியும் சேலம் இறங்குகிறோம். என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.


அஸ்தம்பட்டி சகோதரி

ஐயா, சமையல்கார அக்கா, வெள்ளிப்பட்டறை அண்ணன், மூவருக்கும் நன்றி.

ரைட்டர் ஐயா, உங்கள் தராசடியைப் படித்தபோது எங்கள் கடை ஜன்னல்தான் கண்முன் வந்தது. சனிக்கிழமை மாலை சுமை தூக்கும் அண்ணன்மார் கூலிக்கு அங்கே நிற்பார்கள். மேஸ்திரி கொடுக்கிற துண்டுச்சீட்டில் யார் எத்தனை மூட்டை என்று இருக்கும். அதைப் பார்த்துத் தொகையைப் போட்டு, பணத்தை எண்ணி ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது கைகள்தான். ஒரு கையில் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். அந்தக் கைக்கு உரியவரின் பெயரைக் கூலிச் சீட்டில் வாரந்தோறும் எழுதுகிறேன். சாமியாரும் ஐயரும் காட்டாத இடத்தைக் காட்டிவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். கடை சாத்துகிற நேரத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேசினால் முதலாளி ஒத்துக்கொள்வாரா?

ஆத்தூர் அக்கா, உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். நான் அலுவலகம் முடிந்து வரக்கூடியவள். எனக்கும் வார்டு எண்ணை அனுப்புங்கள்.


எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு

முதலாளிக்குத் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம், மகளே. சொல்லிவிட்டே செய்யுங்கள். கூலிச் சீட்டைக் கடை சாத்துகிற நேரத்தில் எழுதாமல் மதியமே எழுதி வைத்துவிட்டால் நேரம் மிச்சமாகும். பணம் கொடுக்கும்போது "உங்களுக்கு இத்தனை மூட்டை, இத்தனை ரூபாய்" என்று பெயர் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். மேஸ்திரியின் சீட்டில் விட்டுப்போனது இருந்தால் அப்போது வெளியே வரும். அதனால் மேஸ்திரிக்குக் கோபம் வரலாம். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். எல்லாரையும் ஒரே வாரத்தில் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். இந்தச் சனிக்கிழமை அந்த நகம் கறுத்தவரின் முகம் போதும்.


செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை

வார்டு எண்ணை எனக்கும் அனுப்புங்கள் சகோதரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் மாலைவரை எனக்கு வேலை இல்லை. ஓடியாட வேண்டியது எது இருந்தாலும், மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், என்னை அனுப்பலாம். மோட்டார் சைக்கிள் இருக்கிறது.


ஆத்தூர்ப் பெண்

மூவருக்கும் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ரைட்டர் ஐயா, பழம் எதுவும் வாங்கி வராதீர்கள். அவருக்கு ஆரஞ்சு, வாழைப்பழம் இரண்டையும் தரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாப்பாடும் மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பார்வையாளர்களை மாலை நான்கு மணிக்கு மேல்தான் விடுவார்கள். நீங்களும் அம்மாவும் ஆறு மணிவரை அவர் பக்கத்தில் இருக்க முடிந்தால், நான் என் சித்தி வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அவர் அதிகம் பேசமாட்டார். கிரிக்கெட் பற்றிக் கேட்டால் பேசுவார்.